பெயர் தெரியாத பொதியைத் தேடுதல்

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் ஓர் உதவி கேட்டார். அவரிடம் அவரது ஊர்க் கோயிலின் பழைய கும்பாபிஷேக மலர் ஒன்று இருக்கிறது. ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்தது. ஊரில் அதற்கு வேறு பிரதி கிடையாது. இடம்பெயர்வுகளில் தொலைந்தவை போக எஞ்சியவற்றைக் கறையான் பார்த்துக்கொண்டது. எந்தத் திருவிழா எந்தக் குடிக்குரியது, எந்தச் சடங்கில் யார் முன்னிற்பது என்பன போன்ற விபரங்களெல்லாம் அம்மலரில்தான் அச்சாகியுள்ளன. மட்டக்களப்பாருக்கு இதன் கனம் விளங்கும். கோயிலில் குடிமுறை பற்றிய பேச்சு ஒருமுறை எழுந்தால் அது இலேசில் அடங்குவதில்லை.

வெளிநாட்டுக்குப் போன பேரன் விட்டுச்சென்ற மடிக்கணினி ஒன்று அவரிடம் இருந்தது. அதில் உபுண்டு லினக்ஸ் நிறுவப்பட்டிருந்தது. ஆசிரியர் மலரின் பக்கங்களைத் தொலைபேசியால் படமெடுத்துக் கணினியில் ஏற்றியும் விட்டார். படத்திலுள்ள எழுத்தை மறுபடியும் கையால் தட்டாமல் எழுத்தாகவே பெற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் தேவை. மென்பொருள் அங்காடியின் தேடற்பெட்டியில் 'படத்திலிருந்து எழுத்து' என்று தமிழில் தட்டினார். ஒன்றும் வரவில்லை. 'எழுத்து வாசித்தல்' என்று தட்டினார். அதற்கும் எதுவும் இல்லை.

"தம்பி, இதுக்குள்ள அப்பிடிச் சாமான் ஒண்டும் இல்லப் போல" என்றார்.

"இருக்கு சேர். பேர்தான் வேற" என்றேன்.

அதன் பெயர் டெசரக்ட். 1985 தொடக்கம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு, 2005 இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டு, அடுத்த ஆண்டிலிருந்து பல காலம் கூகுளின் ஆதரவில் வளர்ந்த எழுத்துணரி. தமிழையும் வாசிக்கும். பழைய கொம்பு வைத்த லை, னை எழுத்துகளில் தடுமாறுகிறது. ரகரத்தையும் அரவையும் மாற்றிப் பிடிக்கிறது. எனினும் முழுவதையும் தட்டுவதைவிடத் திருத்துவது எளிது. ஆசிரியர் இப்போது நாளுக்கு இரண்டு பக்கம் என்ற கணக்கில் திருத்தி வருகிறார். அவருடைய பிரச்சினை அத்துடன் தீர்ந்தது. என்னுடையது அப்போதுதான் தொடங்கியது. டெசரக்ட் என்றால் நான்கு பரிமாணக் கனசதுரம். வடிவகணிதம் படித்தவர்களிலும் சிலருக்கே தெரிந்த சொல். கோயில் மலரை வாசிக்க வேண்டிய ஒருவர் இச்சொல்லை எங்கே போய்க் கண்டுபிடிப்பார்?

லினக்ஸ் உலகில் மென்பொருள்கள் பொதிகளாக வருகின்றன. ஆங்கிலத்தில் பாக்கேஜ் எனப்படுவதைப் பொதி என்பது பெரும்பாலும் எங்கள் பக்கத்து வழக்கு. தமிழ்நாட்டு நண்பர்கள் பலர் தொகுப்பு என்கிறார்கள். எனக்குப் பொதியே பிடித்திருக்கிறது. நெற்பொதியைச் சுமந்து பழகிய நாட்டில் பிறந்ததன் விளைவாக இருக்கலாம். பொதிக்குள் மென்பொருள் இருக்கும். பொதியின்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பெயர் என்ன, யார் பொறுப்பு, இது இயங்க வேறு எந்தெந்தப் பொதிகள் வேண்டும், இது என்ன வேலை செய்கிறது என்பனவெல்லாம் அச்சீட்டில் எழுதப்பட்டிருக்கும். நாம் தேடும்போது கணினி பொதிக்குள் பார்ப்பதில்லை. சீட்டை மட்டுமே பார்க்கிறது. சீட்டில் இல்லாத சொல்லால் தேடுபவருக்கு அந்தப் பொதி உலகத்திலேயே இல்லை.

உபுண்டுவுக்கு அடித்தளமான டெபியனை இயன் மர்டொக் 1993 இல் தொடங்கினார். 1996 இல் வெளிவந்த அதன் 1.1 பதிப்பில் 474 பொதிகள் இருந்தன. நல்ல பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் அவ்வளவு சரக்கையும் மனத்தில் வைத்துக்கொள்வார். 2023 இல் வந்த 12 ஆம் பதிப்பிலோ 64,000 க்கும் மேல். இங்கே பெயரை நம்பிப் பயனில்லை. படங்களைத் திருத்தும் மென்பொருளின் பெயர் கிம்ப். ஒலியைத் திருத்துவது ஒடாசிட்டி, அதாவது துணிச்சல். பக்கக் கோப்புகளைக் காட்டுவது எவின்ஸ். ஆக்கியவர்கள் தங்கள் மகிழ்ச்சிக்கு வைத்த பெயர்கள். அதில் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் பெயர் உதவாதபோது விவரணையும் திறவுச்சொல்லும்தான் உதவ வேண்டும்.

தமிழ் சம்பந்தமான பொதிகளைத் தேடுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. லிப்ரே ஆபிஸின் தமிழ் இடைமுகப் பொதியின் பெயர் டி.ஏ. என்ற இரண்டு எழுத்தில் முடியும். அது மொழிகளுக்கான இரண்டெழுத்துக் குறியீடு. டெசரக்டின் தமிழ்ப் பொதி டி.ஏ.எம். என்று முடியும். அது மூன்றெழுத்துக் குறியீடு. லோகித், சம்யக் முதலிய எழுத்துருப் பொதிகள் டி.ஏ.எம்.எல். என்று முடியும். அது மொழிக்கன்று, எழுத்துமுறைக்கு வழங்கப்பட்ட நான்கெழுத்துக் குறியீடு. மூன்றும் முறைப்படி சரியானவை; உலகத் தர நிறுவனங்கள் அங்கீகரித்தவை. ஆயினும் 'தமிழ்' என்று ஆங்கில எழுத்தில் முழுமையாகத் தட்டினால் இம்மூன்று பெயர்களில் எதிலும் அது அகப்படாது. விவரணையில் எவரோ ஒருவர் 'தமிழுக்கானது' என்று ஒரு வரி எழுதிவைத்த புண்ணியத்தால்தான் அவை நம் கண்ணில் படுகின்றன. அந்த வரியும் ஆங்கிலத்தில் உள்ளது. 'தமிழ்' என்று தமிழில் தட்டியவர் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதான்.

பொதிகள் பெருகப் பெருக இந்தத் தொல்லை ஆங்கிலம் அறிந்தவர்களையும் பிடித்தது. 2000 களின் முற்பகுதியில் டெபியன் உறுப்பினர் என்ரிக்கோ சினி என்ற இத்தாலியர் டெப்டாக்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பொதியையும் ஒரே ஒரு பிரிவுக்குள் அடைப்பதை விட்டு, பல முகங்களிலிருந்து பார்த்து ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு குறிச்சொல் ஒட்டுவதுதான் அது. இது என்ன வேலைக்கு? எந்த வகைக் கோப்பைக் கையாளும்? திரையில் இயங்குமா, கட்டளை வரியிலா? எந்தப் பண்பாட்டுக்குரியது? கடைசிக் கேள்விக்கான விடைப் பட்டியலில் தமிழும் உண்டு.

இப்படிப் பல முகங்களாகப் பகுக்கும் முறையை நூலக உலகுக்கு வகுத்துத் தந்தவர் சீர்காழியில் 1892 இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்கு இலண்டன் சென்றிருந்தபோது ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே சில துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டி வெவ்வேறு பொம்மைகளைச் செய்து காட்டினார்களாம். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாக்கிப் பூட்டலாமே என்று தோன்றியதன் விளைவே 1933 இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. அதற்கு இரண்டாண்டுகள் முன் அவர் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பொதி தேடும் பெட்டியை உருவாக்குகிறவர்கள் அதனைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

டெப்டாக்ஸில் யாரும் குறி ஒட்டலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் குறி ஒட்ட வருகிறவர் யார்? அந்தப் பொதியை ஏற்கெனவே அறிந்தவர். தேடுகிறவருக்கோ அது தெரியாது, தெரிந்திருந்தால் தேடியிருக்கமாட்டார். அறிந்தவர் 'எழுத்துணரி' என்று குறி ஒட்டுவார். அறியாதவர் 'படத்திலிருந்து எழுத்து' என்று தேடுவார். இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தை எவ்வளவு சிறந்த பகுப்புமுறையாலும் கடக்க இயலாது. அந்தத் தூரத்தில் இருப்பது சொல்.

சொல் என்றதும் எங்களூரில் விபுலாநந்த அடிகளின் நினைவு வராமற்போகாது. இரங்கநாதன் பிறந்த அதே 1892 இல் காரைதீவில் பிறந்தவர். அவர் பிறந்தபோது காரைதீவு மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961 இல். விஞ்ஞானம் படித்தவர், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், அண்ணாமலையிலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். கல்லடி உப்போடையில் அவர் எழுப்பிய சிவானந்த வித்தியாலய வளவில்தான் சமாதி கொண்டுள்ளார். 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். வேதியியல், இயற்பியல், கணிதம் முதலிய துறைகளுக்கான சொற்கள் ஆராயப்பட்டு 1938 இல் நூலாக வெளிவந்தன. வாவிக்கரையில் பிறந்த ஒருவர் சென்னையில் அமர்ந்து, தமிழ் வழங்கும் இடமெங்கும் ஒரு பொருளுக்கு ஒரு சொல் நிலைக்கவேண்டும் என்று பாடுபட்டதை எண்ணும்போது மலைப்பாக இருக்கிறது.

அந்த ஒற்றுமை கணினிக்கு வாய்க்கவில்லை. நாங்கள் கணனி என்றோம், அவர்கள் கணினி என்றார்கள். இடையில் கணிப்பொறியும் இருந்தது. எங்கள் பாடநூலில் தொழினுட்பம், அங்கே தொழில்நுட்பம். எங்களுக்குத் தரவிறக்கம், அங்கே பதிவிறக்கம். எங்களுக்கு விஞ்ஞானம், அங்கே அறிவியல். சுட்டி என்பார் ஒருவர், சுட்டெலி என்பார் மற்றொருவர், மவுஸ் என்பார் கடைக்காரர். எது சரியென்று இருபது ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் நடந்த சண்டைகளில் நானும் ஆர்வத்தோடு பங்குபற்றியதுண்டு. இன்றும் அகராதிக்கு ஒரு சொல் தேவை என்றே சொல்வேன். தேர்வுத்தாள் எழுதும் மாணவனுக்கு நான்கு சொற்கள் கொடுத்துக் குழப்பக்கூடாது. ஆனால் தேடற்பெட்டி தேர்வு மண்டபமன்று. கலைச்சொல்லின் வேலை, பல சொற்களில் ஒன்றை நிறுத்தி மற்றவற்றை விலக்குவது. திறவுச்சொல்லின் வேலை நேர்மாறானது. ஒரு கதவுக்கு எத்தனை திறப்புகள் உண்டோ அத்தனையையும் கோத்துவைப்பது. நம்மவர்கள் முதலாவதில் வல்லவர்கள். இரண்டாவதை அதே மனத்தோடு செய்யப் புகும்போதுதான் பிழைக்கிறது.

இது கணினிக்கு மட்டும் நேர்ந்ததன்று. எங்கள் வாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். பூமிசாத்திரப் பாடத்தில் அது கடனீரேரி. பேச்சில் களப்பு, வாவி. தமிழ்நாட்டில் இத்தகைய நீர்நிலைக்குக் காயல் என்றும் கழி என்றும் பெயர். அந்த வாவியில் பிடிபடும் திலாப்பியாவைச் சந்தையில் யப்பான் மீன் என்று விற்பார்கள். தமிழ்நாட்டுச் சந்தையில் அதுவே ஜிலேபி. கரைகளுக்கும் அப்படித்தான்: ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. வரைபடம் வரைந்தவர் கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று எழுதுவார், அதுவும் தவறில்லை. ஆனால் வரைபடத்தில் படுவான்கரை என்று தேடுகிறவருக்கு 'மேற்கு' என்ற சொல் எந்த உதவியும் செய்யாது.

பத்திரிகை அலுவலகங்களில் பழைய செய்தி நறுக்குகளைக் கோப்புகளில் இட்டு வைப்பார்கள். எந்த நறுக்கை எந்தத் தலைப்பில் இடுவது என்பது நூலகப் பொறுப்பாளரின் கையில். 2004 டிசம்பர் 26 இல் எங்கள் கரையைக் கடல் விழுங்கியபோது எங்களிடம் அதற்கு ஒரு பெயர் இருக்கவில்லை. முதல் நாள்களில் கடல் கொந்தளிப்பு என்று எழுதினோம். பிறகு சுனாமி வந்தது. தமிழில் எழுதவேண்டுமென்ற அக்கறையுள்ளவர்கள் ஆழிப்பேரலை என்றார்கள், இலக்கியம் படித்தவர்கள் கடற்கோள் என்றார்கள். நான்கு பெயரிலும் நான்கு கோப்புகள் சேர்ந்தன. பின்னாளில் ஏதேனுமொரு கிராமத்தின் செய்தியைத் தேட வேண்டியிருந்தால் நான்கையும் புரட்டவேண்டும். அவற்றுள் எது சரியான தலைப்பு என்று விவாதிக்க அப்போது யாருக்கும் மனமிருக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் 'மற்ற மூன்றையும் பார்க்க' என்று எழுதிவைத்தால் போதுமாயிருந்தது.

அந்த நாள்களிலேயே இலங்கையின் மென்பொருளாளர்கள் தன்னார்வமாகக் கூடி அனர்த்த முகாமைத்துவத்துக்கான ஒரு திறந்த மூல மென்பொருளைச் சில வாரங்களில் எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, எங்கே என்ன தேவை என்ற பட்டியல் ஆகியவை அதில் அடங்கின. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்கான தனது விருதை 2006 இல் அதற்கு அளித்தது. பெயர் சகன. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். ஆங்கில எழுத்தில் அதனைப் பார்க்கும் தமிழர் சகானா என்றுதான் வாசிப்பார்; வாசித்ததும் நினைவுக்கு வருவது இராகம். எங்கள் கரைக்காகப் பிறந்த மென்பொருளை எங்கள் கரையிலிருக்கும் ஒருவர் தேடுவதாக வைத்துக்கொள்வோம். நிவாரணம் என்று தேடுவார். அனர்த்தம் என்று தேடுவார். தமிழ்நாட்டார் பேரிடர் என்று தேடுவார். முகாம் என்றும், காணாமற்போனோர் என்றும் தேடக்கூடும். சகானா என்று தேடமாட்டார். இத்தகைய வேளையில் தேடுகிறவருக்குப் பத்து நிமிடமும் பெரிது.

அப்படியானால் இச்சொற்களை எழுதிவைக்க இடமுண்டா? உண்டு. அதுதான் பலருக்குத் தெரிவதில்லை. லினக்ஸ் திரையில் நாம் காணும் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சிறு உரைக்கோப்பு உண்டு. பெயர், படவுரு, ஒருவரி விளக்கம் என்பவற்றோடு திறவுச்சொற்களுக்கென்றும் ஒரு வரி அதில் இருக்கலாம். அரைப்புள்ளியால் பிரித்துச் சொற்களை அடுக்கவேண்டும். அந்த வரியை ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே எழுத இடம் வைத்துள்ளார்கள். மென்பொருள் அங்காடிகள் வாசிக்கும் விபரக் கோப்பிலும் இதே வசதி உண்டு. இந்த வரி திரையில் எங்கும் தோன்றாது. தேடுகிறவர் தட்டும் சொல்லோடு ஒப்பிடுவதற்காக மட்டுமே இருக்கிறது. ஆகவே அதில் எழுதும் சொல் அழகாக இருக்கவேண்டியதில்லை, தூயதாக இருக்கவேண்டியதில்லை. எழுத்துப்பிழையோடுகூட இருக்கலாம், அப்பிழையோடு மக்கள் தேடுவார்களானால்.

மொழிபெயர்ப்பாளர்கள் இங்கேதான் இடறக்கூடும். க்னோம் திட்டத்தின் கணிப்பான் செயலிக்கு ஆங்கிலத்தில் உள்ள திறவுச்சொற்கள் கணக்கிடல், எண்கணிதம், விஞ்ஞான, நிதி என்ற பொருளுடையவை. சொல்லுக்குச் சொல் பெயர்த்து அறிவியல், நிதி என்று எழுதினால் மொழிபெயர்ப்பு முடிந்தது, வேலை முடியவில்லை. காத்தான்குடியில் கடை வைத்திருப்பவர் அதனைத் தேடினால் கல்குலேட்டர் என்று தேடுவார். அதையும் கல்குலேற்றர் என்றுதான் எழுதுவார். மாணவன் கணிப்பான் என்பான். நகைக்கடைக்காரர் வட்டி என்று தட்டிப்பார்த்தாலும் வியப்பில்லை. நிதி என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குக் கோயில் திருப்பணி நிதிதான் நினைவுக்கு வரும். ஆங்கிலச் சொற்களின் வரிசையை மறந்துவிட்டு, நம்மூர் மனிதர் ஒருவர் அந்தப் பெட்டியின் முன் அமர்ந்தால் என்ன தட்டுவார் என்று யோசித்து எழுதவேண்டிய வரி அது. எண்ணிக்கை ஆங்கிலத்தோடு ஒத்திருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான்குக்கு நாற்பது எழுதலாம்.

இன்னும் இரண்டு தொல்லைகள் உள்ளன. இவை தமிழுக்கே உரியவை.

ஒன்று வேற்றுமையும் புணர்ச்சியும். சில தேடற்பெட்டிகள் தட்டிய எழுத்துகளைச் சொல்லின் தொடக்கத்தோடு மட்டுமே ஒப்பிடும். ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் போதும். பன்மைக்குக் கடைசியில் ஓர் எழுத்துத்தானே கூடுகிறது. தமிழில் 'படம்' என்று திறவுச்சொல் எழுதிவைத்தால் 'படங்கள்' என்று தேடியவருக்கு அது கிட்டாது, மகரம் ஙகரமாகிவிட்டது. 'படத்தை' என்றவருக்கும் கிட்டாது. மூன்றையும் எழுதிவைப்பது தவிர வேறு வழியில்லை. பெட்டி தமிழ் இலக்கணம் படிக்கும் நாள் வரும்வரை நாம் பெட்டிக்கு இரங்கவேண்டியதுதான்.

மற்றையது குறியேற்றம். ஸ்ரீ என்ற எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் தட்டலாம். 2005 இல் யூனிகோடில் சேர்ந்த, வடமொழிக்குரிய இன்னொரு சகரமான ஶகரத்தில் தொடங்கியும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரிவதுண்டு. கணினிக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். ஸ்ரீலங்கா என்று தேடி ஒன்றும் கிடைக்காதவர் தம் கண்ணையே சந்தேகிப்பார். ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஔவையார் பெயரில் ஒரு பொதி வந்தால் அவரைக் கண்டுபிடிப்பது சுலபமாயிராது. பாமினி எழுத்துருவில் இருபது வருடம் தட்டிப் பழகிய பத்திரிகைக்காரர்களுக்கு, 'கண்ணுக்குத் தெரிவது ஒன்று, கணினிக்குள் இருப்பது வேறொன்று' என்பது புதிய பாடமன்று. யூனிகோட் வந்ததும் அது ஒழிந்தது என்று நம்பியிருந்தோம்.

இதற்கெல்லாம் நிரல் எழுதத் தெரிந்திருக்கத் தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். மொழிபெயர்ப்புக் கோப்பு ஒன்றில் ஒரு வரி. அரைப்புள்ளியை மட்டும் விடாமல் போடவேண்டும். பிரதேச வழக்கு அறிந்தவர், கடைத்தெருவில் காது கொடுத்து நிற்கிறவர், பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கணினி காட்டுகிறவர் ஆகியோரே இவ்வரிக்குத் தகுதியானவர்கள். மென்பொருளாளர் இதற்குத் தகுதியற்றவர் என்றுகூடச் சொல்வேன். பெயர் தெரிந்தவருக்குப் பெயர் தெரியாதவரின் தவிப்புத் தோன்றாது.

சொற்களை எங்கே திரட்டுவது? மட்டக்களப்பில் தட்டச்சும் போட்டோப் பிரதியும் எடுத்துக்கொடுக்கும் கடைகளைக் கொமினிக்கேசன் என்கிறோம். தொலைபேசிக் காலத்துப் பெயர். தொழில் மாறியும் பெயர் மாறவில்லை. அப்படியொரு கடையில் சில காலைகள் ஓர் ஓரமாக அமர்ந்து, வருகிறவர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். 'சீவி அடிக்கணும்', 'பிடிஎப் ரெண்டையும் ஒண்டா ஒட்டணும்', 'ஐடி காட்டை ஒரு பக்கத்தில எடுக்கணும்', 'இந்த எழுத்தைப் பாமினிக்கு மாத்தணும்', 'போட்டோவுக்குப் பின்னால நீலம் போடணும்'. இவை ஒவ்வொன்றையும் செய்து முடிக்கும் இலவசப் பொதிகள் உண்டு. ஒன்றின் சீட்டிலும் இச்சொற்களை நான் கண்டதில்லை.

ஆக அதிகமாகக் கேட்கப்பட்டது 'கேபி குறைக்கணும்' என்பது. அரச வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் இணையத்தில் விண்ணப்பிக்கும்போது படத்தின் அளவு இத்தனை கிலோபைட்டுக்கு மேற்படக்கூடாது என்று கேட்பார்கள். அதனால் வந்த வழக்கு. எந்தச் சொல்லாக்கக் குழுவும் இதனை ஆக்கித் தரமாட்டாது. படத்தின் அளவைச் சுருக்கும் செயலி ஒன்றின் தமிழ்த் திறவுச்சொல் வரியில் சேர்க்கும்படி முதலாவதாக அனுப்பியிருப்பது இதைத்தான்: கேபி; கேபி குறைக்க; போட்டோ சின்னதாக்க; படம் சுருக்க; படத்தைச் சுருக்க; படங்களைச் சுருக்க; அளவு குறைக்க;